முதலாவதாக வந்த பள்ளிக்கூடம்

ஆத்மநாத வாத்தியாருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, மூக்குப்பொடிகூடக் கிடையாது. மனுஷனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் நூற்றுக்கு எத்தனை என்கிற கணக்குத்தான். சந்தைக்குப் போனால் கத்தரிக்காயில் நூற்றுக்கு எத்தனை சொத்தை என்று பார்ப்பார். கோயிலுக்குப் போனால் வந்த கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் சாமி கும்பிட வந்தவர்கள், எத்தனை பேர் சுண்டலுக்கு வந்தவர்கள் என்று பார்ப்பார். அவர் மனைவி சொர்ணவல்லிக்கு இதெல்லாம் பழகிப்போய், இலை போடும்போதே இன்றைக்குக் குழம்பு நூற்றுக்கு ஐம்பதுதான் தேறும், பேசாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவாள்.

நார்த்தாமலைக்கு மேற்கே வெள்ளைப்பாறைப்பட்டி என்று ஓர் ஊர். புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பள்ளிக்கூடம் ஒன்று அங்கே எட்டாம் வகுப்பு வரைக்கும் நடந்தது. அதற்குத் தலைமை ஆசிரியர் நம் ஆத்மநாத வாத்தியார். வருஷா வருஷம் மாசி மாதத்தில் டிப்டி, அதாவது பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற அதிகாரி, அரக்கு முத்திரை வைத்த உறையில் கேள்வித்தாளைக் கொண்டுவருவார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனை. அந்தச் சரகத்தில் எத்தனை பள்ளிக்கூடம் உண்டோ அத்தனைக்கும் ஒரே கேள்வி. எழுதின பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று பார்த்துப் பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்தி அச்சடித்து அனுப்புவார்கள்.

கடைசியில் வருகிற பள்ளிக்கூடத்துக்கு மெமோ வரும். நடுவில் வருகிறவற்றை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. முதலில் வருகிற பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருக்கு மட்டும் ஆசிரியர் கூட்டத்தில் மேடைமேல் டிப்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள். பணம் கிடையாது, சால்வை கிடையாது, வெறும் நாற்காலி. அந்த நாற்காலியில் இரண்டு வருஷமாகச் செபமாலை என்கிற பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அவர் நல்ல மனுஷர். மேலே உட்கார்ந்திருந்தாலும் கீழே பெஞ்சியில் இருந்த ஆத்மநாத வாத்தியாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. மேலேயிருந்து கும்பிட்டால் அது கும்பிடா?

இந்த வாத்தியாரைப் பற்றி இப்படிச் சொல்கிறேனே என்று ஆளை மட்டமாக எடை போட்டுவிடக் கூடாது. பிள்ளைகளை அடிக்க மாட்டார். சொல்லிக்கொடுப்பதில் வஞ்சனை கிடையாது. பிரகதாம்பாள் விஷயத்தில் அவர் செய்ததை அந்த ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பிரகதாம்பாள் எட்டாம் வகுப்பில் இருந்த ஒரே பெண். அப்பன் பினாங்குக்குப் போனவன் போனவன்தான், கடுதாசிகூட இல்லை. ஆத்தாள் அழகம்மாள் கடலைக் கொல்லையை வைத்துக்கொண்டு இவளையும், ஆறாம் வகுப்பில் படித்த தம்பி குழந்தைசாமியையும் வளர்த்தாள். பெண் சமைந்ததிலிருந்து விராலிமலையில் சோடாக் கடை வைத்திருந்த தாய்மாமன் திருப்பதி முறை கேட்டு வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. பெண்ணுக்கோ கணக்குப் போடுவதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் ருசிக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சை தேறிவிட்டால் புதுக்கோட்டையில் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேரலாம், சாப்பாடு போட்டுப் படிக்க வைப்பார்கள், பிறகு டீச்சராகவே ஆகிவிடலாம் என்று வாத்தியார்தான் அவளுக்கு ஆசை காட்டினார்.

ஆசை காட்டியதோடு நிற்கவில்லை. விராலிமலைக்குப் போய், சோடாக் கடை பெஞ்சியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, திருப்பதியிடம் பேசி ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார். இந்தப் பங்குனியில் பெண் பரீட்சை எழுதித் தேறினால் அவன் வேறிடம் பார்த்துக்கொள்வான். எழுதவில்லை, இல்லை எழுதித் தேறவில்லை என்றால் வைகாசியில் கல்யாணம். அடுத்த வருஷம் எழுதுகிறேன் என்கிற பேச்சே கிடையாது. அவனும்தான் எத்தனை நாள் காத்திருப்பான்? அழகம்மாள் தம்பியின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டாள். பிரகதாம்பாள் தேறுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லாததால் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

மாசி பிறந்தது. டிப்டியின் சோதனைக்கு மாசிக் கடைசியில் நாள் குறித்து உத்தரவு வந்தது. வாத்தியார் பிள்ளைகளை மனத்துக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். எட்டில் கவலை இல்லை. ஆறிலும் ஏழிலுமாக ஒன்பது பேர் கரை சேராத கேஸு. அழகம்மாள் மகன் குழந்தைசாமி அதில் முதல் ஆள்; அக்காளுக்குக் கொடுத்த மூளையில் மிச்சம் பிடிக்காமல் விட்டுவிட்டான் ஆண்டவன். அந்த ஒன்பதும் எழுதவில்லையென்றால் நூற்றுக்கு நூறு. ஆனால் காரணமில்லாமல் வராத பிள்ளையைத் தோற்ற கணக்கில்தான் சேர்ப்பார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் விட்டுவிடுவார்கள், ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். ஒன்பது பேருக்குக் காய்ச்சல் என்று எந்த டாக்டர் சீட்டுக் கொடுப்பான்?

சீட்டு இல்லாமல் ஒத்துக்கொள்ளக்கூடிய வியாதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அம்மை. மாரியாத்தாள் வந்திருக்கிற வீட்டுக்கு டாக்டரைக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தால் போதும், டிப்டி என்ன, அவருக்கு மேலே இருக்கிறவர்கூட அந்தப் படியைத் தாண்ட மாட்டார். இந்த யோசனை குளித்துக்கொண்டிருக்கும்போது வாத்தியாருக்கு வந்தது. தலையில் ஊற்றிய தண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து நின்றார் என்று சொர்ணவல்லி பிற்பாடு சொன்னாள்.

ஒன்பது வீட்டுக்கும் அவரே போனார். காதும் காதும் வைத்த மாதிரி பேசினார். பள்ளிக்கூடத்தின் மானம் என்றார், ஊரின் பேர் என்றார், ஒரு கொத்து இலை நாலு நாள் தொங்கினால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். பெண்கள் முதலில் வாயில் கைவைத்தார்கள். ஆத்தாள் பேரைச் சொல்லி விளையாடலாமா என்று ஒருத்தி கேட்டாள். ஆனாலும் வாத்தியார் படியேறி வந்து கேட்கிறார். பிள்ளைக்கு எழுத்து அறிவித்தவர். முகத்துக்கு நேரே எப்படி முடியாது என்பது?

அழகம்மாள் மட்டும் உடனே சரியென்று சொல்லிவிடவில்லை. அவளுடைய தலைச்சன் பிள்ளை மூன்று வயதில் பெரியம்மையில் போயிருந்தது.

"பொய்யாக் கட்டலாமாய்யா?" என்றாள் கடைசியில்.

"எலைதானே அழகம்மா. எலையில என்ன பொய்யி, மெய்யி?" என்றார் வாத்தியார்.

அவளும் சரியென்று தலையை ஆட்டினாள். தன் மகளுக்காக விராலிமலை வரைக்கும் போய் வந்த மனுஷர் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

சோதனை நாளன்று காலையில் டிப்டியின் வில்வண்டி ஊருக்குள் நுழைந்தபோது ஒன்பது வாசலிலும் வேப்பிலை பச்சைப் பசேலென்று தொங்கியது. டிப்டி ஒன்று, இரண்டு என்று பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது அவர் கைக்குட்டை மூக்கில் இருந்தது. வாத்தியார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஆத்தாள் விளையாடுகிறாள் என்றார். டிப்டி உள்ளே வரவே இல்லை. பிள்ளைகளை மரத்தடியில் எட்ட எட்ட உட்காரவைத்து எழுதச் சொன்னார். அங்கேயே தாள்களைத் திருத்தினார்; எழுதின பிள்ளைகள் அத்தனை பேரும் தேறினார்கள். பிரகதாம்பாள் எந்த வீட்டுப் பெண் என்று அவர் கேட்கவில்லை; அவள் கணக்குத்தாளை நேரம் முடிவதற்கு வெகு முன்னாலேயே கொடுத்துவிட்டு, மரத்து எறும்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆத்மநாத வாத்தியாரின் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் ஊருக்குள் ஒரு சுற்று வந்தார். வேப்பிலை வீடுகளில் தாளிக்கிற வாசனையே இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. எட்டிப் பார்த்தால் குழந்தைசாமி வேப்பிலை பரப்பிய பாயில் மகாராஜா மாதிரி படுத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். அழகம்மாள் தலை வாராமல், ஈரச் சேலையோடு மூலையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடடா, இந்த ஊர்ப் பெண்களுக்கு நாடகக் கம்பெனியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறதே என்று வாத்தியார் மெச்சிக்கொண்டார். டிப்டி போன பிறகும் எதற்கு நடிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கிய ஆளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

மூன்றாம் நாள் தண்டோராச் சத்தம் கேட்டது.

டிப்டி கெட்டவர் இல்லை. கடமையில் கொஞ்சம் கறார், அவ்வளவுதான். ஓர் ஊரில் ஒன்பது வீட்டில் அம்மை என்றால் சுகாதார ஆபீசுக்கு எழுத வேண்டும் என்று விதி இருந்தது. எழுதிவிட்டார். அம்மை குத்துகிறவர்கள் வந்து ஊருணிக் கரையில் கூடாரம் அடித்தார்கள். வெளியூர் போகக் கூடாது, வெளியூர்க்காரர் வரக் கூடாது, சந்தை கிடையாது என்று தண்டோராப் போட்டார்கள். அதோடு ஒரு காகிதம் வாத்தியார் கைக்கு வந்தது. வெள்ளைப்பாறைப்பட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரையும் புதுக்கோட்டையில் நடக்கிற எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்குள் விடக் கூடாது என்று அதில் இருந்தது. ஆயிரம் பிள்ளைகள் கூடுகிற இடம், அம்மை பரவிவிடும் என்று காரணமும் போட்டிருந்தது. நியாயமான காரணம்தான். பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள்.

வாத்தியார் காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார். எட்டாம் வகுப்புப் பையன்களுக்குப் பாதகமில்லை, அடுத்த வருஷம் எழுதிக்கொள்வார்கள். பிரகதாம்பாளுக்கு அடுத்த வருஷம் கிடையாது. உண்மையைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொன்னால் நூற்றுக்கு நூறு போகும், வேலையும் போகலாம். தானாகவே சரியாகிவிடும், ஊசி போடுகிறவர்கள் ஒரு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு நாள் பார்த்தார். அவர்கள் போகவில்லை. இன்னும் ஒரு நாள் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊருணிக் கரைக்கு நடந்தார். போனாரே, அதுவரைக்கும் அந்த மனுஷருக்கு ஒரு மார்க் போடத்தான் வேண்டும்.

கூடாரத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் மூடி மறைக்காமல் சொன்னார். ஊரில் ஒரு பிள்ளைக்கும் அம்மை இல்லை. வேப்பிலை கட்டச் சொன்னது நான். மக்குப் பிள்ளைகள் சோதனை எழுதக் கூடாது என்று கட்டச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அவர் இதைவிடப் பெரிய கதைகளையெல்லாம் கேட்டவர். அம்மை குத்துகிறவனைக் கண்டால் பிள்ளையை நெல் குதிருக்குள் ஒளித்து வைக்கிற ஊர்களையும், முத்து முத்தாக வார்த்துக் கிடக்கிற பிள்ளையை வேர்க்குரு என்று சொல்லுகிற தாய்மார்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்.

"வாத்தியாரே, மத்த ஊர்ல வேப்பிலையை ஒளிச்சு வச்சுக்கிட்டு அம்மை இல்லைம்பாங்க. நீங்க வாசல்ல தொங்கவிட்டுக்கிட்டே இல்லைங்கிறீங்க. பரீட்சைக்குப் பிள்ளைய அனுப்பணும், அதானே?" என்றார்.

வாத்தியார் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தார். சொர்ணவல்லி மேலும் செய்தார். ஆயுசில் முதல் தடவையாக அவர் ஒரு முழு உண்மையைச் சொல்ல, நம்புகிற ஆள் இல்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். அம்மை இல்லையென்றால் ரொம்ப நல்லது. ஒன்பது வீட்டிலும் இலையை எடுத்துவிடட்டும். நானும் என் ஆளும் உள்ளே போய் ஒவ்வொரு பிள்ளையையும் வெளிச்சத்தில் பார்க்கிறோம். உடம்பு சுத்தமாக இருந்தால் இப்பவே எழுதிக் கொடுக்கிறேன். பரீட்சைக்கு உங்கள் பிள்ளைகள் போகட்டும்.

வாத்தியாருக்கு உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா? இலை எடுக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? ஓட்டமும் நடையுமாக அழகம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். வெளியே நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பக்கத்து வேப்பிலை வீட்டுப் பெண்களும் தங்கள் தங்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். யாரும் தெருவில் இறங்கவில்லை. அழகம்மாள் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் பிரகதாம்பாள், வாராத தலையோடு, கையில் பூகோளப் புஸ்தகத்தோடு நின்றாள்.

"எடுத்துரு அழகம்மா. டிப்டிதான் போயிட்டாருல்ல. இனிமே எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"மூணு தண்ணி ஊத்தாம எப்படிய்யா எடுக்கிறது?" என்றாள் அழகம்மாள்.

அம்மை இறங்கினால் செவ்வாய், வெள்ளி பார்த்துத் தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றி, மாவிளக்கு வைத்து, ஆத்தாளை மலையேறச் சொன்ன பிறகுதான் வாசல் இலையில் கை வைப்பார்கள். அதுவரைக்கும் அந்நியன் உள்ளே வரக் கூடாது. ஊசி வைத்திருக்கிற அந்நியன் வரவே கூடாது. இது வாத்தியாருக்குத் தெரியாததா? அவர் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அம்மை வந்தால்தானே தண்ணீர் ஊற்றுவது? வராத அம்மைக்கு எதற்கு முதல் தண்ணீர், மூன்றாம் தண்ணீர்? அதைத்தான் கேட்டார். கேட்கும்போதே குரல் ஏறிவிட்டது. குழந்தைசாமி உடம்பில் ஒரு முத்து உண்டா, கொசுக்கடியாவது உண்டா, காட்டு பார்ப்போம் என்றார்.

அழகம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடவா தெரியவில்லை என்கிற பார்வை இல்லை அது. பரிதாபம்தான் இருந்தது.

"ஆத்தா பேர்ல பொய்யாக் கட்டுனா குத்தம்யா. ஒம்போது பேரும் கோயில்ல கூடிப் பேசினோம். பொய்யாக் கட்ட வேணாம், மெய்யாவே கூப்பிட்டுருவோம்னு வெளக்கேத்திக் கூப்பிட்டோம். தாயே வந்து இரு, முத்துப் போடாம சும்மா இருந்துட்டுப் போன்னு சொல்லித்தான் எலையைக் கட்டுனோம். அவளும் வந்து இருக்கா. நீங்க சொன்னீங்கன்னு கூப்பிட்டோம். நீங்க சொன்னீங்கன்னு போகச் சொல்ல முடியுமா?"

வாத்தியார் கட்டச் சொன்னது இலை. அவர்கள் கட்டியது வேறு. முதல் தண்ணீர் இந்த வெள்ளி, இரண்டாவது செவ்வாய், மூன்றாவது அடுத்த வெள்ளி என்று பூசாரி நாள் சொல்லியிருந்தான். பரீட்சை புதன்கிழமை.

அவர் கெஞ்சினார். உன் மகள் பரீட்சை போகிறதே, வைகாசியில் திருப்பதி வந்து நிற்பானே, அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், அழகம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"எனக்கு வயிறு எரியாதாய்யா? பெத்தவளுக்கு எரியாதா? மூத்ததை அவ எடுத்துக்கிட்டா. மிச்சம் ரெண்டு வச்சிருக்கேன். இவ பரீட்சை போனா பரீட்சையோட போகும். வந்தவளத் தொரத்திவிட்டா எனக்கு என்னய்யா மிஞ்சும்?"

பக்கத்து வாசல்களில் நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்திகூட இலையை எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. அழகம்மாளே எடுக்காதபோது அவர்கள் எதற்கு எடுப்பார்கள்? பிரகதாம்பாள் பெற்றவளைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள், பூகோளப் புஸ்தகத்தை மூடினாள்.

அப்போது வாத்தியார் ஒரு காரியம் செய்தார். இரண்டு எட்டு முன்னால் போய், நிலைப்படியில் செருகியிருந்த கொத்தை நோக்கிக் கையை நீட்டினார். யாரும் தடுக்கவில்லை. எலையில் என்ன பொய், மெய் என்று கேட்டவர் அவர்தான். கை இலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. அவரைப் பெற்றவளும் அம்மையில் செத்தவள்தான், அவர் வீட்டிலும் வருஷா வருஷம் கூழ் காய்ச்சி ஊற்றுகிறார்கள். உள்ளே மாரியாத்தாள் இல்லை என்று அவர் புத்திக்கு நன்றாகத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கையை இழுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

புதன்கிழமை புதுக்கோட்டையில் பரீட்சை நடந்தது. வெள்ளைப்பாறைப்பட்டியிலிருந்து யாரும் போகவில்லை. வாத்தியார் பள்ளிக்கூடத்தைத் திறந்து, காலி வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை ஒன்பது வீட்டிலும் மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். மாவிளக்கு வாசனை தெரு முழுக்க அடித்தது. இலைகளை எடுத்து ஊருணியில் விட்டார்கள். மறுநாள் இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் பார்த்தார். ஒரு பிள்ளை உடம்பிலும் ஒரு தழும்பு இல்லை. அவர் வாத்தியாரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, உயிர்ச்சேதமின்றி அம்மை அடங்கியது என்று எழுதிக்கொண்டு கூடாரத்தைப் பிரித்தார். வேறு என்னதான் எழுதுவார் பாவம்? ஒன்பது வீட்டுப் பெண்களும் ஆத்தாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சித்திரையில் அச்சடித்த சுற்றறிக்கை வந்தது. சரகத்தில் முதலாவது வெள்ளைப்பாறைப்பட்டி, நூற்றுக்கு நூறு. இரண்டாவது செபமாலை வாத்தியாரின் பள்ளிக்கூடம். அம்மை நோயின் நடுவிலும் இத்தகைய தேர்ச்சி பாராட்டுக்குரியது என்று டிப்டி தன் கையாலேயே ஓரத்தில் எழுதியிருந்தார். பொதுப் பரீட்சைக்கு ஆளே அனுப்பாததைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கு வேறு ஆபீசில் இருந்தது. சுற்றறிக்கையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாத்தியார் எல்லாப் பள்ளிக்கூடத்து எண்களையும் வரிசையாக வாசித்தார். குரலில் சுரத்தே இல்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் குழந்தைசாமி.

பள்ளிக்கூடம் விட்டதும் பிரகதாம்பாள் வந்தாள். வகுப்பு முடிந்துபோனதால் அவள் பெயர் பதிவேட்டில் இல்லை, வெளியே ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வாத்தியார் இரவல் கொடுத்த கணக்குப் புஸ்தகத்தை மேஜைமேல் வைத்தாள். வாத்தியார் அதை எடுக்காமல், நீயே வைத்துக்கொள் என்றார். விராலிமலையில் யாரும் இதைத் தொட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் போகாமல் நின்றாள்.

அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. தேர்ந்தெடுத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டாளென்றால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, இரவு தூங்கலாம்.

"வாசிச்சப்பவே மனசுல போட்டுப் பாத்தேன் சார். எங்க தம்பி, அப்புறம் அந்த எட்டுப் பேரு, எல்லாரும் எழுதித் தோத்துருந்தா நம்ம பள்ளிக்கூடம் மூணாவதா வந்துருக்கும்."

வாத்தியாரும் அதைப் போட்டுப் பார்த்திருந்தார். அவள் போட்ட கணக்குத் தப்பாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஆமா, மூணாவது" என்றார்.

"மூணாவதா வந்த பள்ளிக்கூடத்த என்ன சார் செய்வாங்க?"

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏதோ பெரிதாக இருந்திருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள் போலிருக்கிறது, வாத்தியாரை எங்கேயோ தூக்கியடித்துவிடுவார்கள் போலிருக்கிறது, அதனால்தான் சார் அப்படிச் செய்தார் என்று இத்தனை நாளும் அவளாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டு அவரை மன்னித்திருந்தாள். அதை அவர் வாயால் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தாள்.

வாத்தியாருக்கு ஒரு பொய் சொல்ல ஆசையாக இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றார்.

பிரகதாம்பாள் அவரைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த புஸ்தகத்தைப் பார்த்தாள். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வைகாசி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.